சர்வேயில் முக்கால்வாசி பேர் பெண்கள். இதை அப்படியே எழுதிவிடலாமா?

தொப்பூர்_கணவாய்

எல்லோருக்கும் வணக்கம். எம்எஸ்சி நர்சிங் இரண்டாம் வருடம், கம்யூனிட்டி ஹெல்த் பிரிவு. தீசிஸுக்காக பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் சில கிராமங்களில் வீடு வீடாகப் போய் 18 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் பிபி, சர்க்கரை பார்த்தோம். மூட்டுவலி, பல் கறை, புகையிலைப் பழக்கம் பற்றியும் கேட்டு எழுதிக்கொண்டோம். வீடுகளை இஷ்டத்துக்குப் பிடிக்கவில்லை, பட்டியல் வைத்து முறையாகத்தான் தேர்ந்தெடுத்தோம். வீட்டுக்குள் போன பிறகு, அந்த நேரத்தில் இருந்த பெரியவர்களில் ஒருவரிடம் கேட்பது என்று ஏற்பாடு. கைடும் எத்திக்ஸ் கமிட்டியும் ஒத்துக்கொண்ட முறைதான் அது.

இப்போது டேட்டாவை எல்லாம் ஏற்றி, வயது, பாலினம், படிப்பு, தொழில், சமூகப் பிரிவு, வருமானம் என்று எல்லா தீசிஸிலும் முதலில் வருமே, அந்த அட்டவணையைப் போட்டுப் பார்த்தேன். நாலு பேரில் மூணு பேர் பெண்கள். பாதிக்கு மேல் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள். இருபது முப்பது வயது ஆண்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். தொழில் என்ற இடத்தில் "கூலி", "இல்லத்தரசி" இந்த இரண்டிலேயே கிட்டத்தட்ட எல்லோரும் அடங்கிவிடுகிறார்கள், மாதிரி எடுத்தது தர்மபுரி மாவட்டமா அல்லது ஏதாவது மகளிர் குழுக் கூட்டமா என்று எனக்கே சந்தேகம் வருகிறது.

கைடிடம் காட்டினால் "எல்லா தீசிஸும் இப்படித்தான் இருக்கும், ஒரு பத்தி எழுதிவிட்டு அடுத்த சாப்டருக்குப் போ" என்கிறார். சீனியர்கள் எழுதியதை எடுத்துப் பார்த்தேன், "பங்கேற்பாளர்களில் பெரும்பான்மையினர் பெண்கள்" என்று ஒரே வரி, அதோடு சரி. வைவாவில் யாராவது "ஆண்கள் எல்லாம் எங்கே போனார்கள்?" என்று கேட்டால் என்ன சொல்வது? இதை அப்படியே எழுதினால் போதுமா, இல்லை கணக்கில் ஏதாவது சரிக்கட்ட முடியுமா? இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது, மறுபடி ஊருக்குப் போவதானாலும் போகலாம். களத்தில் வேலை பார்த்தவர்கள் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

ஊர்சுற்றி_அக்கா

கண்ணு, நான் கிராம சுகாதார செவிலியராக இருந்து ரிட்டயர் ஆனவள், அரூர் பக்கமும் பாப்பிரெட்டிப்பட்டி பக்கமும் நடக்காத மண் ரோடு கிடையாது. ஆண்கள் எங்கே போனார்கள் என்றால், நீ போன நேரத்தில் வேலைக்குப் போயிருந்தார்கள். காலையில் பத்து மணிக்கு காலேஜ் வேன் வந்து ஊர் முனையில் இறக்கி விடும், மூன்று மணிக்குத் திரும்ப ஏற்றிக்கொண்டு போகும். அந்த நேரத்தில் வீட்டில் இருப்பது கைக்குழந்தைக்காரி, மாடு கன்று பார்க்கிற அம்மா, மூட்டுவலியில் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற தாத்தா பாட்டி. நூறு நாள் வேலை நடக்கிற நாளாக இருந்தால் அந்த அம்மாக்களும் ஏரிக்கரையில்தான் இருப்பார்கள். நீ எழுதியிருக்கிற வயசுக் கணக்கைப் பார்த்தாலே அது எந்த நேரத்துக் கணக்கு என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்புறம் இளவட்டப் பையன்கள். பென்னாகரம் பக்கம் எந்த வீட்டில் கேட்டாலும் ஒருத்தன் பெங்களூரில் கட்டட வேலை, ஒருத்தன் திருப்பூர் கம்பெனி என்பார்கள். வாரம் ஒரு முறை வருகிறவனும் உண்டு, பொங்கலுக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும் மட்டும் தலை காட்டுகிறவனும் உண்டு. அவனை அந்த ஊர்க்காரன் என்று எண்ணுகிறாயா இல்லையா? ஆறு மாதம் அல்லது அதற்கு மேல் அந்த வீட்டில் தங்கியிருப்பவர்தான் என்று ஒரு வரையறை வைத்திருந்தால் அதை எழுது. வைக்கவில்லை என்றால் இப்போதாவது வை. சனிக்கிழமை ராத்திரி வந்து ஞாயிறு ராத்திரி பஸ் ஏறுகிறவனை வீட்டுக்காரி "இருக்கார்"னுதான் சொல்வாள், நீ போகிற செவ்வாய்க்கிழமை இருக்கமாட்டான்.

இன்னொன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதே. ஊருக்குள் உங்களைக் கூட்டிக்கொண்டு போனது யார்? மக்களைத் தேடி மருத்துவம் அக்காவா? அந்தத் திட்டம் 2021 ஆகஸ்டில் நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது, அந்தப் பெண்கள் மாதா மாதம் பிபி, சர்க்கரை மாத்திரையை வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள், நல்ல வேலை. ஆனால் அவங்களை முன்னால் விட்டு நடந்தால் கால் தானாகவே மாத்திரை கொடுக்கிற வீட்டுக்குத்தான் போகும். "இந்த வீட்டில் நல்லா பேசுவாங்க மேடம்" என்று சொல்லி உட்கார வைப்பாங்க. பட்டியல் கையில் இருந்தாலும், பூட்டியிருந்த வீட்டுக்குப் பதில் பக்கத்து வீடு என்று எத்தனை மாற்றினீர்கள் என்று பார். பூட்டின வீடு என்றாலே எல்லோரும் வேலைக்குப் போகிற வீடு. நோய்நொடி இல்லாத வீடு என்றும் சொல்லலாம். அதை விட்டுவிட்டு திறந்த வீட்டில் கேட்டால் ஊர் முழுக்க பிபிக்காரங்க மாதிரிதான் தெரியும்.

வயசு விஷயத்திலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். உன் ஷீட்டில் 45, 50, 55, 60 என்று குவிந்து கிடக்கும் பார். பாட்டியைக் கேட்டால் "அறுவது இருக்கும் சாமி" என்பாள். ஆதாரைப் பார்த்தால் ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்ததாக இருக்கும், எழுத வந்தவர் போட்ட தேதி. எம்ஜிஆர் இறந்தப்போ உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, கையில் குழந்தை இருந்ததா, இந்திரா காந்தி சுடப்பட்டப்போ பெரிய மகன் பிறந்துவிட்டானா என்று நாங்கள் கேட்டுக் கேட்டு வயதைப் பிடிப்போம். 87, 84 என்று வருடம் தெரிந்த சம்பவங்கள். வீரப்பன் பாப்பாரப்பட்டியில் சுடப்பட்டது 2004, அது நம்ம பக்கம் யாருக்கும் மறக்காது, அதை வைத்து பேரன் பேத்தி வயது வரை சொல்லிவிடுவார்கள்.

கணக்குப்பிள்ளை

அக்கா சொன்னது எல்லாம் சரி, நான் எண்ணிக்கைப் பக்கம் மட்டும் சொல்கிறேன். ஒரு மருத்துவக் கல்லூரியில் புள்ளியியல் பார்க்கிறேன், உன் கேள்வி வருடா வருடம் வரும்.

முதலில் உன் அட்டவணையைத் தனியாகப் பார்க்காதே, பக்கத்தில் சென்சஸை வை. 2011-ல் தர்மபுரி மாவட்ட மக்கள்தொகை 15 லட்சத்துச் சொச்சம், ஆயிரம் ஆண்களுக்கு 946 பெண்கள். தமிழ்நாட்டுக்கு மொத்தமாக 996. அதாவது மாநிலத்திலேயே பெண்கள் கணிசமாகக் குறைவாக உள்ள மாவட்டத்தில் போய் நாலில் மூணு பெண்கள் என்று கொண்டு வந்திருக்கிறாய், வித்தியாசம் கொஞ்சநஞ்சம் இல்லை. இளம் வயதில் இது இன்னும் மோசம். 2001 சென்சஸில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஆயிரம் பையன்களுக்கு 826 பெண் குழந்தைகள்தான் இந்த மாவட்டத்தில் இருந்தார்கள், ஏன் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் சேலத்தில் ஆரம்பித்ததே இதற்காகத்தான். அந்தக் குழந்தைகள்தான் இப்போது இருபதுகளின் நடுவிலிருந்து முப்பதுகளின் தொடக்கம் வரை வந்து நிற்கிறார்கள். அந்த வயதில் ஊரில் உண்மையிலேயே பெண்கள் குறைவு, உன் ஷீட்டில் மட்டும் ஆண்கள் இல்லை. தேர்வாளர் யாராவது மண்டையில் கொஞ்சம் விஷயம் உள்ளவராக இருந்தால் இந்த இடத்தில்தான் பிடிப்பார்.

இதே கணக்கில் மாவட்டத்தின் எழுத்தறிவு சுமார் 68.5 சதவீதம், நகர்ப்புறத்தில் வசிப்பவர்கள் 17 சதவீதம், பட்டியல் சாதியினர் 16, பழங்குடியினர் 4 சதவீதம். உன் சாம்பிளில் ஒவ்வொன்றும் எவ்வளவு என்று பக்கத்தில் ஒரு காலம் போட்டு எழுது. 2011 பழசுதான், நடுவில் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய் இப்போது 2027 மார்ச்சை வைத்து நடக்கப் போகிறது, ஆனால் கையில் இருப்பது அதுதான். 18 வயதுக்கு மேல் மட்டும் வேண்டும் என்றால் மொத்த விகிதத்தைப் போடாதே, ஐந்தைந்து வயதாகப் பிரித்த சென்சஸ் சி-14 அட்டவணையை மாவட்டவாரியாக எடுக்கலாம்.

இது ஏன் முக்கியம் என்றால், சும்மா ஒரு எண்ணை வைத்துச் சொல்கிறேன், இது எந்த ஆய்விலும் வந்ததில்லை. ஆண்களில் நூற்றுக்கு நாற்பது பேர், பெண்களில் நூற்றுக்குப் பத்து பேர் புகையிலை பழகுகிறார்கள் என்று வைத்துக்கொள் (வெற்றிலையோடு போடுகிற பாட்டிகளை விட்டுவிடக் கூடாது). உன் சாம்பிளில் 75 பெண், 25 ஆண் என்றால் மொத்தம் 17 அல்லது 18 சதவீதம் வரும். ஊரில் உள்ள உண்மையான ஆண் பெண் விகிதத்தில் போட்டால் 25 வரும். "பாலக்கோடு பகுதியில் புகையிலைப் பழக்கம் 17 சதவீதம்" என்று நீ எழுதினால் அது ஊரைப் பற்றிய செய்தி இல்லை, வேன் வந்த நேரத்தைப் பற்றிய செய்தி.

சரிக்கட்டலாமா என்றால், எடை போடலாம். ஒவ்வொரு ஆணையும் இரண்டு பேராகவும் ஒவ்வொரு பெண்ணையும் முக்காலுக்கும் கீழாகவும் எண்ணினால் விகிதம் சரியாகிவிடும், வயதையும் சேர்த்துச் செய்யலாம், எந்த மென்பொருளிலும் பத்து நிமிட வேலை. ஆனால் நீ பார்த்த ஆண்கள் யார்? பகல் பதினோரு மணிக்கு வீட்டில் இருந்த ஆண்கள். முடியாமல் படுத்திருந்தவர், ஓய்வு பெற்றவர், நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்கியவர், குடித்துவிட்டு வேலைக்குப் போகாதவர். அவரை இரண்டால் பெருக்கினால் இரண்டு நோயாளி ஆண்கள் கிடைப்பார்களே தவிர, தக்காளி லோடு ஏற்றப் போனவன் கிடைக்க மாட்டான். அதனால் எடை மட்டும் போட்டு நிம்மதியாக இருந்துவிடாதே. எடை போடாத எண்ணையும் போட்ட எண்ணையும் இரண்டையும் கொடு.

தேசிய குடும்ப நல ஆய்வான என்எஃப்எச்எஸ்-5-ல் கூட ஏழு லட்சத்துக்கு மேல் பெண்கள், ஒரு லட்சம் சொச்சம் ஆண்கள்தானே என்று யாராவது சாக்கு சொல்வார்கள். அங்கே ஆண்களைக் குறிப்பிட்ட பங்கு வீடுகளில் மட்டும் பேட்டி எடுப்பது என்று முன்பே திட்டமிட்டது, முடிவுகளையும் ஆண் தனி, பெண் தனி என்றுதான் போடுவார்கள். உன்னுடையது தானாக நேர்ந்தது, இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசக் கூடாது.

பென்னாகரம்_வாசி

நான் டாக்டரும் இல்லை நர்ஸும் இல்லை, உங்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன ஊர்க்காரன். தண்ணீரில் ஃபுளோரைடு என்று ஒரு கூட்டம் வரும், ரத்தசோகை என்று ஒரு கூட்டம் வரும், குழந்தைத் திருமணம் என்று ஒரு கூட்டம். யாரும் திரும்பி வந்து உங்க ஊரில் இதுதான் கண்டோம் என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை. ஆண்கள் ஏன் உட்காருவதில்லை என்று கேட்கிறீர்களே, இதுவும் ஒரு காரணம். எங்க வீட்டில் என் சம்சாரத்தைத் தள்ளிவிட்டு நான் மாட்டைப் பிடித்துக்கொண்டு போய்விடுவேன், "நீயே சொல்லி அனுப்பு" என்று.

வருமானம் கேட்கிறீர்களே, அதில் யாராவது உண்மை சொல்வார்கள் என்று நினைக்கிறீர்களா? உரிமைத்தொகை ஆயிரம் ரூபாய்க்கு வருடம் இரண்டரை லட்சம் வரம்பு என்று எல்லோருக்கும் தெரியும். கையில் டேப்லெட்டோடு ஒரு ஆள் வந்து வீட்டு வருமானம் எவ்வளவு, பைக் இருக்கிறதா, ஏசி இருக்கிறதா என்று கேட்டால் எங்க வீட்டுப் பெண்கள் என்ன சொல்வார்கள்? நீங்கள் காலேஜ் பிள்ளை என்பது உங்களுக்குத் தெரியும், எங்களுக்கு வாசலில் நிற்கிற எல்லோரும் கவர்ன்மென்ட்தான். ரேஷன் கார்டைப் பிடுங்க வந்தவர்களோ என்ற பயத்தில் மாதம் ஐயாயிரம் என்று சொல்லி அனுப்பிவிடுவோம்.

இன்னொன்று, உண்மையாகவே சொல்ல நினைத்தாலும் மாத வருமானம் என்று ஒன்று எங்களுக்குக் கிடையாது. தக்காளி போட்டவனுக்கு ஒரு மாதம் கிலோ ஐந்து ரூபாய் விற்றால் பறிகூலிக்கே போதாது, ரோட்டில் கொட்டிவிட்டு வருவான். 2023 ஜூலையில் நூறு ரூபாய்க்கு மேல் விற்றதே, அந்த மாதம் வந்து கேட்டிருந்தால் அவனே பணக்காரன். பட்டுக்கூடு போடுகிறவன் கதையும் இதுதான், கூடு விலை ஒரு நாள் இருக்கிறது போல் மறுநாள் இருக்காது.

சாதியை வாசலில் நின்று சத்தமாகக் கேட்பதையும் நிறுத்துங்கள். எந்தத் தெருவில் நிற்கிறீர்கள் என்பதே உங்களைக் கூட்டிவந்தவருக்குத் தெரியும், அப்படியிருந்தும் பக்கத்து வீட்டுக்காரர் கேட்க எங்களைச் சொல்ல வைக்கிறீர்கள்.

தொப்பூர்_கணவாய்

அண்ணா, நீங்கள் சொன்னது சுருக்கென்றுதான் இருக்கிறது, ஆனாலும் நன்றி. முடிவை ஊருக்குத் திரும்பப் போய்ச் சொல்வது எங்கள் படிவத்தில் இல்லவே இல்லை, அதைச் சேர்க்க முடியுமா என்று கேட்கிறேன்.

அக்கா, எங்களைக் கூட்டிப்போனது நீங்கள் சொன்ன அதே அக்காதான். பூட்டிய வீட்டுக்குப் பதில் பக்கத்து வீடு என்று போனதும் உண்மை, ஆனால் எந்தெந்த வீடு என்று நோட்டில் குறிப்பு இருக்கிறது.

சார், வருமானத்துக்குப் பிரசாத் ஸ்கேல் போட்டிருக்கிறேன். இங்கே சொன்னதைக் கேட்டபிறகு அதை வைத்து வகுப்பு பிரித்தால் அர்த்தம் இருக்குமா என்று தெரியவில்லை.

தளிக்காரன்

பிரசாத் ஸ்கேல் தலைக்கு மாத வருமானம் என்ற ஒன்றை மட்டும் வைத்துத்தான் ஐந்து வகுப்பாகப் பிரிக்கும், 1961-ல் வந்தது, விலைவாசிக் குறியீட்டை வைத்துத் தொகையை மட்டும் புதுப்பித்துக்கொண்டே வருகிறார்கள். வருமானமே பொய் என்றால் வகுப்பும் பொய். அதற்காக குப்புசாமி ஸ்கேலுக்குத் தாவிவிடாதே, அது நகரத்துக்காகச் செய்தது, குடும்பத் தலைவரின் படிப்பும் உத்தியோகமும் கேட்கும். போர்வெல் இருக்கிறதா, கறவை மாடு எத்தனை, கூரையா ஓடா மெத்தை வீடா, ரேஷன் கார்டு என்ன வகை (35 கிலோ அரிசி கார்டா இல்லையா) என்பதில் யாரும் அவ்வளவாகப் பொய் சொல்ல முடியாது, பாதி கண்ணுக்கே தெரியும். ஏற்கனவே எழுதியிருந்தால் அதை வை.

நான் சொல்ல வந்தது வேறு. நான் தேன்கனிக்கோட்டை தாலுக்கா, இப்போது கிருஷ்ணகிரி மாவட்டம், 2004 வரை உங்க மாவட்டம்தான். எங்க பக்கம் ஒரு ஆய்வில் களப்பணி பார்த்தேன். அட்டவணையில் வயது இருந்தது, படிப்பு இருந்தது, வீட்டில் என்ன மொழி பேசுகிறார்கள் என்பது இல்லை. தளி, ஓசூர் பக்கம் வீட்டுக்குள் தெலுங்கு, கன்னடம், சில ஊரில் உருது. தமிழ் பேசுவார்கள், சந்தையில் பேசுகிற தமிழ். "கடந்த ஆறு மாதங்களில் உங்களுக்கு நெஞ்சு படபடப்பு ஏற்பட்டதுண்டா" என்று படிவத் தமிழில் வாசித்தால் அந்த அம்மா தலையை ஆட்டும், ஆமாவா இல்லையா என்று உனக்கும் தெரியாது. பக்கத்தில் நிற்கிற பள்ளிக்கூடப் பையன் மொழிபெயர்ப்பான், மாமியார் எதிரில் மருமகளின் மாதவிடாய்க் கேள்வியை அவன் என்னவென்று கேட்பான்? அந்தப் பதில்கள் எல்லாம் "இல்லை" என்றே வந்தன. மற்றவர்கள் அதை நோய் இல்லை என்று படித்தார்கள்.

பாலக்கோடு, மாரண்டஅள்ளி பக்கமும் தெலுங்கு, கன்னடம் பேசுகிற வீடுகள் உண்டு, உன் சாம்பிளில் எத்தனை என்று பார்த்தாயா? மலைக்கிராமம் ஏதாவது வந்ததா? சித்தேரி மாதிரி, வத்தல்மலை மாதிரி இடத்தை "போக்குவரத்து வசதி இல்லை" என்று பட்டியலிலேயே விட்டுவிட்டிருந்தால் நாலு சதவீதப் பழங்குடியினர் எங்கிருந்து வருவார்கள். வந்தாலும் "எஸ்டி" என்று ஒரே கட்டத்தில் மலையாளியையும் (கேரளாக்காரர் இல்லை, இங்கே மலையில் இருக்கிற பழங்குடி) இருளரையும் போடுவீர்கள். சித்தேரி மலையாளி சொந்த நிலத்தில் சாமை போடுகிறவர், எங்க பக்கத்து இருளர் குடும்பம் பல இடங்களில் பண்ணையில் காவல் இருப்பவர், இரண்டு பேர் சாப்பாடும் வேறு, ரத்தசோகையும் வேறாகத்தான் இருக்கும்.

"கூலி" என்று ஒரே சொல்லில் எல்லோரையும் போட்டதும் அப்படித்தான். செங்கல் சூளைக் கூலி, கிரானைட் குவாரிக் கூலி, பூப்பறிக்கிற கூலி, சீசனுக்கு மாங்கூழ் ஃபேக்டரிக்குப் போகிற கூலி. குவாரிக்காரன் நுரையீரலையும் பூப்பறிக்கிறவள் நுரையீரலையும் ஒரே வரியில் வைத்துவிட்டு அப்புறம் தொழிலுக்கும் நோய்க்கும் தொடர்பு இல்லை என்று கை ஸ்கொயர் (chi-square) சோதனை போட்டுக் காட்டுவார்கள். இல்லத்தரசி என்று எழுதினாயே, அவர்களில் எத்தனை பேர் காலையும் சாயங்காலமும் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றுகிறார்கள் என்று கேட்டாயா?

பல்லாண்டு

பல் டாக்டர். பல் கறையும் எடுத்தோம் என்று எழுதியிருக்கிறாய், அதில் இதுவரை யாரும் தொடாத சிக்கல் ஒன்று உண்டு, உன் சாம்பிளில் பெண்கள் அதிகம் என்பதால் உனக்கு இன்னும் பெரிய சிக்கல்.

ஃபுளோரைடால் பல்லில் கறை விழுவது பல் ஈறுக்குள் உருவாகிற காலத்தில், சுமாராக எட்டு வயதுக்குள். எனாமல் உருவாகி முடிந்த பிறகு எவ்வளவு ஃபுளோரைடு தண்ணீர் குடித்தாலும் முன்பல்லில் புதிதாக அந்தக் கறை வராது. பென்னாகரத்தில் உட்கார்ந்து வாயைத் திறந்து காட்டுகிற மருமகள் கல்யாணத்துக்கு முன் எங்கே வளர்ந்தாள்? மேட்டூர் பக்கம் ஆற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்திருந்தால் பல் பளிச்சென்று இருக்கும், நீ பென்னாகரத்தில் கறை இல்லை என்று எழுதுவாய். மாமியார் பாலக்கோட்டுக்காரியாக இருந்தால் அவள் பல் காட்டுவது பாலக்கோட்டுக் கிணற்றை. நாலில் மூணு பேர் பெண்கள், அதில் பெரும்பாலோர் வேறு ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவர்கள் என்றால், நீ கையில் வைத்திருப்பது பிறந்தவீட்டு ஊர்களின் தண்ணீர்க் கணக்கு.

மூட்டுவலி நேர் எதிர். எலும்பில் ஃபுளோரைடு படிவது வருடக்கணக்காக நடக்கிறது, அதற்குப் பிறந்த ஊரைவிட, கல்யாணமாகி இங்கே வந்து எத்தனை வருடம், எந்தத் தண்ணீர் என்பதுதான் வேண்டும். அதனால் "இந்த ஊரில் எத்தனை வருடமாக" என்ற ஒரே கேள்வி போதாது, எட்டு வயது வரை எங்கே வளர்ந்தார் என்பதும் தனியாக வேண்டும். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் 2013-ல் வந்தது, ஜப்பான் கடனுதவியில் கட்டியது, அதற்கு முன் என்ன குடித்தார்கள், இப்போது என்ன குடிக்கிறார்கள் என்று இரண்டு காலமாகப் பிரித்துக் கேட்கணும். குழாய் வந்த பிறகும் சமையலுக்குப் போர்வெல், குடிக்கக் கேன் என்று வைத்திருக்கிற வீடுகள் நிறைய. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் வரைதான் அனுமதி, ஆனால் அந்த எண்ணைத் தண்ணீர் பாட்டிலில் மட்டும் பார்த்துவிட்டுப் பல்லோடு ஜோடி சேர்க்க முடியாது. மறுபடி ஊருக்குப் போவதாக இருந்தால் இந்த இரண்டு கேள்வியையும் பழைய ஆட்களிடமும் கேட்டு வாங்கிவிடு. போனிலேயே கேட்கலாம்.

தொப்பூர்_கணவாய்

பிறந்த ஊர் கேட்கவே இல்லை டாக்டர். போன் நம்பர் வாங்கியிருக்கிறோம், ஆனால் அதில் பாதி வீட்டுக்காரர் நம்பர், அவர் பெங்களூரில் இருப்பார். எப்படியாவது முயற்சி பண்ணுகிறேன்.

மறுபடி போவது என்று முடிவு செய்துவிட்டேன், கைடும் அரைமனதாகச் சரி என்றார். ஆனால் ஒன்று புரியவில்லை. போய் ஆண்களாகத் தேடிப் பிடித்து எண்ணிக்கையைப் பாதிக்குப் பாதி ஆக்கிவிட்டால் போதுமா? டீக்கடையில் நின்றால் ஒரே சாயங்காலத்தில் முடித்துவிடலாம் என்று கூடப்படிக்கிறவள் சொல்கிறாள்.

கணக்குப்பிள்ளை

டீக்கடையில் பிடித்தால் டீக்கடைக்கு வருகிற ஆண்கள் கிடைப்பார்கள், பீடி சிகரெட் கணக்கு எகிறிவிடும். அது வேண்டாம். பட்டியலில் உள்ள அதே வீடுகளுக்கு, பூட்டியிருந்ததால் விட்டுவிட்ட வீடுகளுக்கும் சேர்த்து, ஆள் இருக்கிற நேரத்தில் போ. வீட்டில் 18-க்கு மேல் உள்ள எல்லோர் பெயரையும், அந்த நேரத்தில் இல்லாதவரையும் சேர்த்து, முதலில் எழுது. அதிலிருந்து யார் என்பதைக் குலுக்கலோ கிஷ் அட்டவணையோ (வீட்டில் யாரைக் கேட்பது என்று முன்பே குறித்து வைத்திருக்கும் அட்டவணை) வைத்து முடிவு செய். கிஷ் என்பவர் 1949-லேயே இதற்காகத்தான் அதைக் கொடுத்தார், கதவைத் திறந்தவரையே பிடித்துக்கொள்ளும் பழக்கத்தை ஒழிக்க. தேர்வானவர் இல்லையென்றால் வேறு கிழமை, வேறு நேரம் மறுபடி போகணும், வீட்டில் இருக்கிறவரை மாற்றாக எடுக்கக் கூடாது. எத்தனை முறை என்று முன்பே முடிவு செய்துகொள். எல்லா முறையும் போய்க் கிடைக்கவில்லை என்றால் "கிடைக்கவில்லை" என்று எண்ணு, அவர் வயதும் தொழிலும் வீட்டுக்காரர்கள் சொன்னதை வைத்து எழுது. அந்தக் கிடைக்காதவர்களின் கணக்குதான் வைவாவில் உன்னைக் காப்பாற்றும். முறை மாறுகிறதால் எத்திக்ஸ் கமிட்டிக்கு ஒரு திருத்தம் எழுதி அனுமதி வாங்கிக்கொண்டு போ.

முதல் சுற்று டேட்டாவையும் இரண்டாம் சுற்றையும் கலக்காமல் ஒரு அடையாளம் போட்டு வை. அட்டவணையை ஆண், பெண், மொத்தம் என்று மூன்று காலமாக, ஒவ்வொன்றிலும் வயதுப் பிரிவோடு போடு, மாவட்டக் கணக்கு நாலாவது காலம். வயது குவிந்திருக்கிறதா என்பதற்கு விப்பிள் குறியீடு போட்டுப் பார்த்துவிடு, 23-லிருந்து 62 வரை உள்ளவர்களில் 0, 5-ல் முடிகிற வயதினரை எண்ணி ஐந்தால் பெருக்கி அந்த மொத்தத்தால் வகுத்து நூறால் பெருக்கு. நூறுக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது, ஐந்நூறு வந்தால் எல்லோரும் ரவுண்டாகச் சொல்லியிருக்கிறார்கள். உன் பகுதிக்கு நூறு வராது, பரவாயில்லை, பத்து வயதுப் பிரிவாகப் போடு. அதையும் 40-49 என்று பிரிக்காமல் 35-44, 45-54 என்று பிரித்தால் நாற்பது ஐம்பது என்று ரவுண்டாகச் சொன்னவர்கள் பிரிவின் நடுவில் விழுவார்கள்.

ஊர்சுற்றி_அக்கா

நேரம் நான் சொல்கிறேன் கண்ணு. காலையில் ஆறரைக்குள் பால் சொசைட்டியில் ஊற்றிவிட்டு வீடு திரும்புவார்கள், வேலைக்குக் கிளம்ப எட்டு ஆகும், நடுவில் ஒரு மணி நேரம் கிடைக்கும். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் என்றால் சாப்பாட்டுக்கு முன்பே போ, குடிக்கிறவனை அதற்கு அப்புறம் பிபி பார்த்துப் புண்ணியமில்லை. சர்க்கரை வெறும் வயிற்றில் வேண்டும் என்றால் காலைதான். ஞாயிற்றுக்கிழமை பெங்களூர்ப் பையன்கள் ஊரில் இருப்பார்கள், ஆனால் கறி எடுத்த நாள், மத்தியானம் போனால் சாப்பிட உட்கார வைத்துவிடுவார்கள். இருட்டினபிறகு பெண் பிள்ளைகள் தனியாகப் போகக் கூடாது, வேனை ஊருக்குள்ளேயே நிறுத்தச் சொல், காலேஜ் தரவில்லை என்றால் காலை நேரத்தை மட்டும் வைத்துக்கொள். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் கைநாட்டு வாங்கும்போது படிக்கத் தெரிந்த வெளி ஆள் ஒருவர் சாட்சியாக நிற்கணும், உங்க கூட வந்தவளையே நிறுத்தாதே. இந்தத் தடவை மாத்திரை அக்காவைக் கூட்டாமல் ஊராட்சி பம்ப் ஆப்பரேட்டரைக் கேட்டுப் பார், எந்த வீடு எப்போது திறந்திருக்கும் என்று அவருக்குத்தான் தெரியும்.